சலமாங்காவின் சான் எஸ்தெபான் மடத்துக் கோவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் மேற்கே, தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது சலமாங்கா. பழைய பல்கலைக்கழக நகரம். அங்கே போகிறவர்கள் இரண்டு பேராலயங்களையும் பல்கலைக்கழக முகப்பையும் பார்த்துவிட்டு, சான் எஸ்தெபானின் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கட்டடத்தின் முக்கால் பங்கு அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது.

இது யாருடைய கோவில்? கன்னியர் மடமா?

இல்லை. சாமிநாதர் (டொமினிக்கன்) சபைத் துறவிகளின் மடம். எஸ்தெபான் என்பவர் நம் ஊர்க் கத்தோலிக்கர் முடியப்பர் என்று வணங்கும் புனிதர்தான். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி. கன்னியர் மடம் எதிரே இருக்கிறது. லாஸ் துவேன்யாஸ் என்ற அந்த மடமும் சாமிநாதர் சபையைச் சேர்ந்ததே. 1419இல் தொடங்கியது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

சாமிநாதர் சபையின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘போதகர்களின் சபை’. மறையுரை ஆற்றுவது, அதற்காகப் படிப்பது, பிறகு படித்ததைப் பிறருக்குக் கற்பிப்பது ஆகியவைதான் அவர்கள் தொழில். இதை மனதில் வைத்துக்கொண்டால் கட்டடத்தில் புதிராகத் தெரியும் பல விஷயங்களுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

எப்போது கட்டியது? யார் கட்டியது?

இப்போது நிற்கும் கோவில் 1524இல் தொடங்கி 1610இல் முடிந்தது. சபை அந்த நகரத்துக்கு வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே. ஆற்றோரத்தில் இருந்த முதல் இருப்பிடத்தை வெள்ளம் அழித்தது. அதனால் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் மேட்டில் இருந்த முடியப்பர் பங்குக்கோவில் அவர்களுக்கு வழங்கப்பட்டது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

1524இல் பணம் தர முன்வந்தவர் ஹுவான் ஆல்வாரெஸ் தெ தொலேதோ. ஆல்பா பிரபு குடும்பத்துப் பிள்ளை, இதே மடத்துத் துறவி, அப்போது கோர்தோபா ஆயர், பின்னாளில் கர்தினால். அவர் அமர்த்திய தலைமைக் கொத்தர் ஹுவான் தெ ஆலாவா. ஆலாவா 1537இல் இறந்தார். பிறகு மடத்துத் துறவியான மார்த்தின் தெ சந்தியாகோ, அவருக்குப் பின் ரொத்ரீகோ கில் தெ ஒந்தாஞோன் என்று வேலை கைமாறியது. எண்பத்தாறு ஆண்டுகள், மூன்று தலைமுறைக் கொத்தர்கள். உள்ளே போனால் அந்த ஒட்டுவேலை கண்ணில் படாது. முதலில் போட்ட திட்டத்தை யாரும் கலைக்கவில்லை என்பதே காரணம்.

கொலம்பஸ் இந்தக் கோவிலில் தங்கினாரா?

இந்தக் கோவிலில் இல்லை. 1524க்கு முன் இது இல்லவே இல்லை. கொலம்பஸ் சலமாங்காவுக்கு வந்தது 1486-87 குளிர்காலத்தில். அப்போது மடத்தில் இருந்த தியேகோ தெ தேசா அவருக்குத் துணைநின்றார் என்பது வரலாறு. மடத்துக்குள் ‘தெ புரோஃபுந்திஸ்’ என்று ஒரு கூடத்தைக் காட்டி, இங்கேதான் துறவிகளிடம் தன் கடல்வழித் திட்டத்தை விளக்கினார் என்பார்கள். அது மரபுவழிச் செய்தி.

உள்ளே தூண் வரிசை ஏன் இல்லை?

போதகர் பேசுவது கேட்க வேண்டும், அவர் முகம் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் தூண் வரிசை வைத்து மூன்று நடைகளாகப் பிரித்தால் பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு இரண்டுமே போய்விடும். அதனால் ஒரே அகன்ற கூடம்: அகலம் சுமார் 14.5 மீட்டர், உயரம் சுமார் 27 மீட்டர். இந்த அகலத்துக்குக் கல்லால் கூரை போட்டால் அது சுவர்களை வெளியே தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்க ஆழமான முட்டுச்சுவர்கள் தேவை. அவற்றை முழுவதும் வெளியே நிறுத்தாமல், இரண்டு முட்டுச்சுவர்களுக்கு இடையே உள்ள இடத்தைச் சிற்றாலயமாக மாற்றிவிட்டார்கள். பொறியியல் தேவை ஒன்று, அங்கே கல்லறையும் பீடமும் வைக்க விரும்பிய குடும்பங்களின் நன்கொடை இன்னொன்று; ஒரே சுவரில் இரண்டும் தீர்ந்தன.

இது சலமாங்காவில் பிறந்த யோசனை அல்ல. தொலேதோவின் சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸ், ஆவிலாவின் சாந்தோ தொமாஸ் ஆகிய மடத்துக் கோவில்களில் முன்பே வந்த அமைப்பு. சான் எஸ்தெபான் அதைப் பெரிதாக்கியது.

நுழைந்ததும் தலைக்கு மேலே தாழ்வான கூரை இருக்கிறதே, ஏன்?

அதன் மேலே துறவிகளின் பாடல் மாடம் இருக்கிறது. பேராலயங்களில் பாடகர் இருக்கைகளைக் கூடத்தின் நடுவில் வைத்து மதிலெழுப்பி அடைத்துவிடுவது ஸ்பெயின் வழக்கம். மக்களுக்குப் பீடம் பாதி மறைந்துபோகும். மடத்துக் கோவில்களில் அதையே வாசல் பக்கம் மேலே தூக்கிவிட்டார்கள். துறவிகள் மடத்தின் மேல்தளத்திலிருந்து நேராக அங்கே வந்து திருப்புகழ்மாலை என்ற அன்றாட வேளைச் செபங்களைப் பாடலாம், மக்களோடு கலக்காமல், மக்களை மறைக்காமல்.

இதற்குக் கொடுத்த விலை அந்தத் தாழ்வான வளைவு. மாடத்தைத் தாங்கும் வளைவு மிகவும் தட்டையாக இருக்க வேண்டும். வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு அதன் பக்கவாட்டுத் தள்ளுதல் கூடும். கொத்தருக்கு இதுதான் கூரையைவிடக் கடினமான வேலை. பார்க்கிறவருக்கு ஒரு லாபம்: இருட்டான தாழ்வாரத்தைக் கடந்து வெளியே வந்ததும் உயரம் முழுவதும் ஒரே நேரத்தில் திறக்கும்.

மேலே இருக்கும் மர இருக்கைகள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்தவை. அங்கே சுவரில் அந்தோனியோ பாலோமினோ 1705இல் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. திருச்சபை தேரில் வெற்றி உலா வருவதாகக் காட்சி. கீழே நின்றால் இது சரியாகத் தெரியாது.

இது கோதிக் பாணியா, மறுமலர்ச்சிப் பாணியா?

எலும்பு கோதிக், தோல் மறுமலர்ச்சி. கூரை, முட்டுச்சுவர், உயர்ந்த சன்னல் எல்லாம் கோதிக் முறை. முகப்பில் உள்ள மனித முகப் பதக்கங்கள், கொடிவேலை, பட்டைத்தூண்கள் இத்தாலியிலிருந்து வந்தவை. இந்தக் கலவைக்கு ஸ்பெயினில் பிளாத்தெரெஸ்க் என்று பெயர். 1524இல் இத்தாலியில் யாரும் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ‘பழமையில் தேங்கிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. இவ்வளவு அகலத்துக்கும் உயரத்துக்கும் அவர்கள் கைவசம் இருந்த, நம்பகமான தொழில்நுட்பம் கோதிக்தான்.

நட்சத்திரம் போன்ற அந்தக் கல் கூரையை எப்படி ஏற்றினார்கள்?

ரொத்ரீகோ கில் தன் முறையை எழுதிவைத்தார். அது சலமாங்காக்காரரான சீமோன் கார்சியா 1681இல் தொகுத்த கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதனால் ஊகிக்கத் தேவையில்லை.

முதலில், கூரைக்கு எலும்புக்கூடு போல அமையும் கல் வளைவுகளான விலாக்கள் சுவர் மூலைகளில் கிளம்பும் இடம். இங்கே பல விலாக்கள் ஒரே கல்லிலிருந்து விரியும். அந்த அடிவரிசைக் கற்களைச் சாய்க்காமல் கிடைமட்டமாகவே அடுக்கிச் சுவரோடு பிணைப்பார்கள். இதற்குச் சாரம் தேவையில்லை. கடக்க வேண்டிய அகலமும் இதனால் குறையும்.

அடுத்து, அந்த உயரத்தில் கூடம் முழுக்கப் பலகைத் தளம் போடுவார்கள். அந்தப் பலகையின் மேலேயே கூரையின் வரைபடத்தை உண்மையான அளவில் கீறுவார்கள். எங்கெல்லாம் விலாக்கள் சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு மரக்கால் நிற்கும். அதன் உயரம் அந்தச் சந்திப்பின் உயரம். ஒவ்வொரு காலின் தலையிலும், அங்கே சந்திக்கும் விலாக்களை இணைக்கும் முகட்டுக்கல் உட்காரும். சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுக் கீழே உள்ள கோட்டோடு சரிபார்ப்பார்கள்.

முகட்டுக்கற்கள் நின்ற பிறகு அவற்றுக்கிடையே மர வளைச்சட்டம் வைத்து விலாக் கற்களைக் கோப்பார்கள். கடைசியாக, விலாக்களுக்கு இடைப்பட்ட கட்டங்களை மெல்லிய கல்லால் மூடுவார்கள்.

தவறு நடக்கும் இடம் முகட்டுக்கல். ஒரு விலா சற்று நீண்டுவிட்டால் அடுத்த கல்லில் சரிக்கட்டலாம். முகட்டுக்கல்லில் நான்கைந்து திசைகளில் விலாவின் தொடக்கம் செதுக்கியிருக்கும். ஒரு திசையின் கோணம் பிசகினால் அந்தக் கல்லே வீண். கூரையில் அத்தனை விலாக்கள் இருந்தும் செலவைக் கட்டுக்குள் வைக்க, எல்லா விலாவையும் ஒன்றிரண்டு வளைவு ஆரங்களுக்குள்ளேயே அடக்கப் பார்ப்பார்கள். அப்போது ஒரே அச்சுத்தகட்டை வைத்து நிறையக் கற்களைச் செதுக்கலாம்.

நீண்ட கூடத்தைக் குறுக்குக்கூடம் வெட்டும் இடத்தில் மட்டும் கூரை சுமார் 44 மீட்டருக்கு எழுகிறது. வெளியே பார்க்கும்போது சதுரக் கோபுரம் போலத் தெரிவது அதுதான். நான்கு பக்கமும் சன்னல். பீடத்துக்கு ஒளி தருவதே அதன் வேலை.

முகப்புச் சிற்பங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நடுவிலிருந்து. வாசலுக்கு மேலே உள்ள பெரிய புடைப்புச் சிற்பம் முடியப்பரைக் கல்லெறியும் காட்சி. மிலான் நகரத்துச் சிற்பி ஹுவான் அந்தோனியோ செரோனி செதுக்கி 1610இல் முடித்தது. அதற்கு மேலே சிலுவைக் காட்சி. சுற்றிலும் மாடங்களில் புனிதர்கள். சபையைச் சேர்ந்தவர்களைத் துறவற உடையை வைத்து அடையாளம் காணலாம்.

அமைப்பைக் கவனித்தால், கோவிலுக்குள் இருக்க வேண்டிய பீடத்தை வெளியே கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். தெருவில் நிற்பவருக்கும் மறையுரை. அதற்கு மேலே ஆழமான, பெரிய அரைவட்ட வளைவு ஒன்று முழு முகப்பையும் கவிந்து நிற்கிறது. அழகுக்கு மட்டும் வைத்ததாக நினைக்க வேண்டாம். மழை நேராகச் சிற்பத்தில் விழாமல் காப்பது அதுதான். வளைவுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வேலைப்பாடு இன்னும் கூர்மையாக நிற்பதற்கு இதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

முகப்பைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் செங்கோணமாக ஓடும் வளைவுத் தாழ்வாரம் மடத்தின் வாசல். ஹுவான் தெ ரிபேரோ ராதா 1590களின் தொடக்கத்தில் கட்டியது. சிற்ப நெரிசலுக்குப் பக்கத்தில் அவ்வளவு அடக்கமான வேலையை வைத்தது நல்ல முடிவு.

கல் ஏன் பொன் நிறத்தில் இருக்கிறது? சில இடங்களில் ஏன் உதிர்கிறது?

பக்கத்து ஊரான வில்யாமயோரில் வெட்டும் மணற்கல் இது. சலமாங்காவின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இந்தக் கல்தான். பூமியிலிருந்து எடுத்த புதிதில் ஈரப்பதத்தோடு மென்மையாக இருக்கும். உளிக்கு எளிதாக இணங்கும். காய்ந்த பிறகு இறுகும். கல்லில் உள்ள இரும்புச் சத்து காற்றுப்பட்டு அந்தப் பொன்-செம்மை நிறத்தைத் தருகிறது.

குறையும் அதே கல்லில்தான். இதில் களிமண் கனிமங்கள் உண்டு. நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பல ஆண்டுகள் இது நடந்தால் மேற்பரப்பு ஏடு ஏடாகக் கழன்றுவிடும். தரையிலிருந்து ஈரம் மேலேறும் அடிச்சுவரில் பாதிப்பு அதிகம். ஈரத்தோடு வரும் உப்பு, கல்லின் நுண்துளைகளில் படிகமாகி உள்ளிருந்து உடைக்கும். சலமாங்காக் கொத்தர்கள் இதை அறிந்தே அடிப்பகுதிக்குக் கருங்கல் போன்ற கடினமான கற்களைப் போட்டார்கள். இந்த மணற்கல்லின் மேல் சிமெண்ட் பூசுவது மிக மோசமான பழுதுவேலை: ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும், பூச்சுக்குப் பின்னால் கல் மாவாகிவிடும். சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும்.

பொன் பீடத்தைச் செய்தவர் யார்? முழுவதும் தங்கமா?

ஹொசே பெனீத்தோ தெ சுரிகேரா. 1692இல் ஒப்பந்தமானபோது அவருக்கு 27 வயது. பலிபீடத்துக்குப் பின்னால் சுவர்போல எழும் இந்த அமைப்பு பைன் மரத்தால் செய்து மேலே தங்க இலை ஒட்டியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் ஆயின என்று வழக்கமாகச் சொல்வார்கள். உயரம் சுமார் 30 மீட்டர். தூக்கிப் பார்க்கிற கழுத்து அதை நம்பும்.

கண்ணை இழுப்பவை முறுக்கிய ஆறு பெருந்தூண்கள். திராட்சைக் கொடி சுற்றியிருக்கிறது. திராட்சை நற்கருணையைக் குறிப்பது. தூண்களுக்கு நடுவில் சிறு கோவில் வடிவத்தில் நற்கருணைப் பேழை. மேலே நடுவில் உள்ள ஓவியம் முடியப்பரின் மறைசாட்சிய மரணம். அரசவை ஓவியர் கிளாவுதியோ கோயெல்யோவின் கடைசிப் படைப்புகளில் ஒன்று. அவர் 1693இல் இறந்தார். வாசலில் கல்லில் கண்ட அதே காட்சி, நேர் எதிரே கூடத்தின் மறுகோடியில் வண்ணத்தில் வருகிறது. இந்தப் பொருத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை.

பின்னர் வந்த செவ்வியல் ரசனைக்காரர்கள் சுரிகேராவின் பெயரையே வசைச்சொல்லாக்கினார்கள். அந்த வசையைக் கேட்டுவிட்டு இங்கே வருபவருக்கு வியப்பாக இருக்கும்: அலங்காரத்தைக் கழித்துப் பார்த்தால் அமைப்பு மிகத் தெளிவானது. ஒரு பெரிய தளம், அதன் மேல் ஒரு முடி, அவ்வளவே.

மரத்தில் தங்கத்தை எப்படி ஏற்றினார்கள்? எது அதைக் கெடுக்கும்?

ஸ்பானியப் பட்டறைகளின் வழக்கமான வரிசை இது. மரத்தின் கணுக்களில் பூண்டு சேர்த்த விலங்குப் பசையைத் தேய்த்துப் பிசின் கசிவை அடக்குவார்கள். பலகை மூட்டுகளில் துணி ஒட்டுவார்கள். அதன்மேல் பசையில் குழைத்த ஜிப்சம், முதலில் கரடானது, பிறகு நைசானது, பல பூச்சு. வழவழப்பாகத் தேய்த்தபின் செம்மண் நிறக் களிமண் பூச்சு. அதை நீரால் நனைத்துத் தங்க இலையை வைத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் அகேட் கல்லால் மெருகு போடுவார்கள். தங்கம் தேய்ந்த இடத்தில் சிவப்பு எட்டிப்பார்ப்பது அந்தக் களிமண்தான்.

தங்கம் கெடாது. அடியில் உள்ள மரம்தான் பிரச்சினை. கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் ஈரம் என்று மாறும்போது மரம் அசையும், ஜிப்சம் அசையாது. விரிசல் விட்டு உதிரும். மரம் அரிக்கும் புழுக்கள் இன்னொரு எதிரி. மெழுகுதிரிப் புகை நிறத்தை மங்கச் செய்யும். சுத்தம் செய்ய நனைந்த துணியைப் போட்டால் முடிந்தது கதை. நீரில் ஒட்டியது நீரிலேயே கழன்றுவிடும்.

சோத்தோ படிக்கட்டில் என்ன விசேஷம்?

தாங்கும் தூண் இல்லை. 1553 முதல் 1556 வரை ரொத்ரீகோ கில் கட்டியது. செலவு தொமிங்கோ தெ சோத்தோவுடையது. ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் பாவசங்கீர்த்தன குருவாக (பாவ அறிக்கையைக் கேட்பவராக) இருந்தவர், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தில் பங்கேற்றவர். விழும் பொருளின் வேகம் சீராகக் கூடுகிறது என்று கலிலியோவுக்கு முன்பே எழுதியவரும் இவர்தான்.

படிக்கட்டு ஒரு சதுரக் கிணறு போன்ற வெற்றிடத்தைச் சுற்றி ஏறுகிறது. ஒரு விளிம்பு சுவருக்குள், மறு விளிம்பு வெட்டவெளியில். ஒவ்வொரு பகுதியும் சாய்ந்த, மிகத் தட்டையான கல் வளைவு. அதன் பாரம் ஒருபுறம் சுவருக்கும் மறுபுறம் திருப்பத்தில் உள்ள அடுத்த பகுதிக்கும் போகிறது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தகைய படிக்கட்டில் சுவர் சற்று விலகினாலும் மூட்டுகள் வாய்பிளக்கும். அதனால் சுற்றுச்சுவர் கனமாக இருக்க வேண்டும். மேலே ஏறும் முன் கீழே நின்று அண்ணாந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கேதான் செதுக்கல் முழுவதும். சுவரில் வண்ணம் தீட்டிய மகதலா மரியா புடைப்புச் சிற்பமும் உண்டு.

‘அரசர்கள் முற்றம்’ எப்படி?

மடத்தின் உள்முற்றம் இது, சுற்றிலும் இரண்டு தளத் தாழ்வாரம். கோவிலுக்குத் தெற்கே, மார்த்தின் தெ சந்தியாகோ 1530களில் தொடங்கியது. கீழ்த்தளம் விலாக் கூரை. மேல்தளம் பிற்காலத்தது, மரக்கூரை. கீழே இறைவாக்கினர்களின் முகங்கள் பதக்கங்களாக இருக்கின்றன. மூலைகளில் மங்கள வார்த்தை (வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்வது), கிறிஸ்து பிறப்பு, மூவரசர் வணக்கம் முதலிய காட்சிகள்.

கோவிலை ஒட்டிய சுவரில் சிறு கதவுகள் தெரியும். அவை பாவசங்கீர்த்தனத் தொட்டிகள். குரு முற்றத்தின் பக்கமிருந்து நுழைவார். பாவசங்கீர்த்தனம் செய்பவர் கோவில் பக்கம் முழந்தாளிடுவார். நடுவில் சுவரின் கனத்தில் குடைந்த அறை. அவிலாவின் தெரசம்மாள் இங்கே பாவசங்கீர்த்தனம் செய்ததாக மரபு.

உலக வரலாற்றில் இந்த மடத்தின் இடம் என்ன?

கட்டடத்தைவிடப் பெரிய விஷயம் இது. 1511இல் கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், கரீபியக் கடலின் எஸ்பஞோலா தீவில், அங்கிருந்த பழங்குடிகளைக் குறித்து ‘இந்த இந்தியர்கள் மனிதர்கள் இல்லையா?’ என்று ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேரே கேட்டுப் பிரசங்கித்த அந்தோனியோ தெ மொந்தெசீனோஸ் இந்த மடத்தில் துறவியானவர். 1526 முதல் 1546இல் இறக்கும் வரை பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, அமெரிக்கப் பழங்குடிகளுக்குத் தங்கள் நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று 1539இல் வாதிட்டார். பன்னாட்டுச் சட்டத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரை எண்ணுகிறார்கள். அவர் அடக்கமானது இங்கேதான். 1544இல், பழங்குடிகளுக்காக வாதாடிய லாஸ் காசாஸ் ஆயரோடு இன்றைய மெக்சிகோவின் சியாபாஸ் பகுதிக்குப் புறப்பட்ட துறவிகள் கூட்டமும் இங்கிருந்து போனது.

எல்லாமே பெருமைக்குரியது அல்ல. 1527இல், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் மாணவராக இந்நகருக்கு வந்தபோது இம்மடத்தார் உணவுக்கு அழைத்து, விசாரித்து, மூன்று நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள். பிறகு 22 நாள் சிறை. வெளியே வந்தவர் பாரிசுக்குப் போனார். அங்கே அவரோடு சேர்ந்த சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

துறவிகள் இடையறாமல் இருந்தார்களா?

இல்லை. 1830களில் அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துக்களை எடுத்துக்கொண்டபோது வெளியேறினார்கள். நூற்றாண்டின் இறுதியில் திரும்பினார்கள். இடையில் 1890இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1988 முதல் சலமாங்காவின் பழைய நகரம் முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

எந்த நேரத்தில், எந்த வரிசையில் பார்ப்பது?

முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் நிழலில் கிடக்கும். சூரியன் சாயும்போதுதான் சிற்பங்கள் எழுந்து நிற்கும். ஆகவே பிற்பகலில் போய் உள்ளே முதலில் பார்த்துவிட்டு, முகப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு நுழைவு வழக்கமாகத் தாழ்வாரத்து மட வாசல் வழியே. கீழ் முற்றம், சோத்தோ படிக்கட்டு, மேல் முற்றம், பாடல் மாடம், கடைசியில் கோவில் என்று போனால் ஏறி இறங்குவது ஒரே முறை. பாடல் மாடத்தைத் தவறவிடாதீர்கள்: பொன் பீடத்தைக் கழுத்து வலிக்காமல் முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது.

திருப்பலி நேரத்தில் கோவிலுக்குள் சுற்றக்கூடாது. ஞாயிறு, திருநாள்களில் நேரம் மாறும். போகும் நாளன்று வாசல் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மிச்ச நேரம் இருந்தால் எதிரே லாஸ் துவேன்யாஸின் ஐங்கோண முற்றம். மேல்தளத் தூண்தலைகளில் உள்ள விகார உருவங்களைப் பார்த்துவிட்டுக் கன்னியர் விற்கும் இனிப்பையும் வாங்கலாம்.